கலிங்கு இல்லாத அணை

இன்னைக்கு ஒரு சின்ன அணையைப் பத்திப் பேசப் போறோம். மேட்டூர், பக்ரா நங்கல் மாதிரி பாடப்புத்தகத்துல வர்ற அணை இல்லை. ஒரு தனியார் நிலத்துக்குள்ள, கரும்புக்குத் தண்ணி விடுறதுக்காக மண்ணைக் கொட்டிக் கட்டின அணை. பெயர் கா லோகோ. இருக்குற இடம் ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயி.

2006 மார்ச் 14, பொழுது விடியும் முன் அந்த அணையின் கரை உடைந்தது. சுமார் 150 கோடி லிட்டர் தண்ணீர் வெளியே பாய்ந்தது. நம்ம ஊர்த் தெருவுல வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரியா கணக்குப் போட்டா, ஏறக்குறைய ஒண்ணேகால் லட்சம் லாரி. கீழே பள்ளத்தாக்கில் இருந்த வீடுகளை, மரங்களை, நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு வெள்ளம் கடலில் போய் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கர்ப்பிணி. ஒரு சின்னக் குழந்தையும் உண்டு.

ஏன் உடைஞ்சதுன்னு கேட்டா, "மழை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம். அந்தத் தீவில் ஆறு வாரமாகக் கொட்டிய மழை அது. ஆனா மழை வரும்னு தெரிஞ்சுதானே அணை கட்டுறோம்? அதனால நான் கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்கிறேன். கூடுதலா வந்த தண்ணி போறதுக்கு அங்கே வழி இருந்துச்சா?

இதைப் புரிஞ்சுக்க நம்மகிட்டயே ஒரு பழைய சொல் இருக்கு. கலிங்கு. கிராமத்து ஏரியைப் பார்த்திருப்பீங்க. அதில் தண்ணீர் வெளியேற இரண்டு வழி உண்டு. ஒண்ணு மதகு. வயலுக்கு வேண்டிய அளவு திறந்து மூடுவது. இன்னொன்று கலிங்கு. கரையை விட உயரம் குறைவாக, கல்லால் கட்டிய ஒரு பகுதி. ஏரி நிரம்பினால், மிச்சத் தண்ணீர் யாரையும் கேட்காமல் அது வழியாகப் போய்விடும். "ஏரி மறுகால் பாயுது"ன்னு ஊர்ல சொல்றது இதைத்தான். மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த பிரிட்டிஷ் பொறியாளர்கள் இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்கே எடுத்துக்கொண்டு, தங்கள் அறிக்கைகளில் 'கலிங்குலா' என்று எழுதினார்கள்.

நடு ராத்திரியில் பேய்மழை பெய்து, மதகைத் திறக்க ஆள் இல்லாவிட்டாலும் கலிங்கு தன் வேலையைச் செய்யும். மதகு மட்டும் போதாதான்னு நீங்க கேட்கலாம். போதாது. மதகு வயலுக்குத் தகுந்த அளவில் வைத்தது. வெள்ளத்துக்குத் தகுந்த அளவு அதற்குக் கிடையாது.

கலிங்கு இல்லைன்னா என்ன ஆகும்? தண்ணீர் ஏறி ஏறி, கடைசியில் மண் கரையின் மேலேயே வழியும். கான்கிரீட் அணை அதைக் கொஞ்ச நேரம் தாங்கும். மண் கரையால் தாங்க முடியாது. வழிகிற தண்ணீர் கரையின் பின்பக்கச் சரிவை அரிக்க ஆரம்பிக்கும். முதலில் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி விழும். அந்த வழியில் இன்னும் அதிகத் தண்ணீர், அதனால் இன்னும் அதிக அரிப்பு. அது பின்னோக்கி நகர்ந்து கரையின் உச்சியைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிஞ்சது. நூறு வருஷம் நின்ற கரை சில நிமிஷத்தில் திறந்துகொள்ளும். அமெரிக்காவில் நடந்த அணை உடைப்புகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கரைமேல் வழிந்து நடந்தவைதான்.

கா லோகோ கதைக்கு வருவோம். 1890-ல், கரும்புத் தோட்டக் காலத்தில் கட்டிய அணை அது. அதன் தண்ணீரை நம்பியிருந்த சர்க்கரைக் கம்பெனி 1970-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கரும்பு போனது, அணை மட்டும் நின்றது. 1987-ல் அந்த நிலத்தை ஜேம்ஸ் ஃப்ளூகர் என்ற கார் வியாபாரி வாங்கினார். உடைப்புக்குப் பிறகு மாநில அரசு ஒரு சுதந்திர விசாரணையை நடத்தியது. 2007 ஜனவரியில் வந்த அந்த அறிக்கை, அணைக்குக் கலிங்கு இல்லாததால் தண்ணீர் கரைமேல் வழிந்து உடைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது. முன்பு இருந்த கலிங்கு, நிலத்தைச் சமப்படுத்தும் வேலையின்போது மண் போட்டு மூடப்பட்டிருக்கலாம் என்பதுதான் வழக்கின் மையமாக ஆனது. ஃப்ளூகர் அதை மறுத்தார். உடைப்புக்கு வேறு காரணங்கள் உண்டு என்றது அவர் தரப்பு.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 2013-ல் அவர் ஒரு குற்றச்சாட்டை எதிர்க்காமல் விட்டார். அடுத்தவர் உயிரை அலட்சியமாக ஆபத்துக்கு உள்ளாக்கியது என்ற குற்றச்சாட்டு அது. 2014-ல் கிடைத்த தண்டனை, ஏழு மாதச் சிறை. ஏழு உயிர், ஏழு மாசம். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது.

ஆனா ஒருத்தர் மேல எல்லாத்தையும் போட்டுட்டு நாம எழுந்து போயிட முடியாது. அறிக்கை அரசையும் விடவில்லை. முறையாக ஆய்வு செய்யவேண்டிய அணையை அரசு ஆய்வு செய்யவில்லை. அரசுப் பட்டியலில் கா லோகோ 'குறைந்த அபாயம்' என்ற பிரிவில் இருந்தது.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா கேளுங்க. நிறையப் பேர் தப்பாப் புரிஞ்சுக்கிற விஷயம் இது. 'குறைந்த அபாயம்' என்றால் அணை உறுதியாக இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது. உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் வராது என்று அர்த்தம். அதாவது அந்த முத்திரை கரையைப் பார்த்துக் குத்துவது கிடையாது, கரைக்குக் கீழே இருப்பவர்களைப் பார்த்துக் குத்துவது. கீழே வெறும் கரும்புக்காடு இருந்தால் அபாயம் குறைவு. நாளைக்கு அங்கே நாலு வீடு வந்தால், அணையில் ஒரு கல்கூட நகராமலே அது உயர் அபாய அணை ஆகிவிடும். கவாயியில் கீழே வீடுகள் வந்தன. பட்டியல் மட்டும் மாறவில்லை.

தனியார் அணையில் இருக்கிற பெரிய சிக்கலும் இதுதான். பராமரிப்புச் செலவு உரிமையாளருடையது, உடைந்தால் போகிற உயிர் அடுத்தவருடையது. அமெரிக்காவில் அரசுப் பட்டியலில் 90,000-க்கும் மேல் அணைகள் இருக்கின்றன. பாதிக்கும் மேல் தனியாருடையவை. பழைய பாசன அணையால் சொந்தக்காரருக்குப் பெரிய வருமானம் கிடையாது. பழுது பார்க்க மட்டும் நிறையப் பணம் வேண்டும். இடிக்கவும் பணம் வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பி இன்னும் சில விவசாயிகள் இருப்பார்கள். அதனால "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு தள்ளிப்போடுறது ரொம்பச் சுலபம். அதைத் தள்ளிப்போட விடாமல் பார்க்க வேண்டியது அரசு. கா லோகோவுக்குப் பிறகுதான், 2007-ல், ஹவாய் தன் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி எழுதியது.

சரி, இது நமக்கு எதுக்கு? வார இறுதியில் ஓடைக்கரை ரிசார்ட்ல தங்குறோம். ஏரி பார்த்த மாதிரி மனை விளம்பரத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறோம். மேலே ஒரு மண் கரை இருந்தா, இன்ஜினியர் இல்லாமலே நாலு விஷயம் கவனிக்கலாம். கலிங்கு எங்கேன்னு தேடுங்க. அது இருந்தா, அதில் புதர், வலை, மண்மேடு அடைச்சிருக்கான்னு பாருங்க. கரைமேல் பெரிய மரங்கள் இருக்கா? அந்த வேர் மட்கிப்போனால் உள்ளே தண்ணீருக்குப் பாதை விழும். கடைசியா, கரையின் அடியில் கசிவு இருக்கா? தெளிந்த நீர் லேசாகக் கசிந்தால் கண்காணிக்க வேண்டும். கலங்கலாக வந்தால், கரையின் உள்மண்ணையே தண்ணீர் அரித்து எடுத்து வருகிறது என்று அர்த்தம். அப்போ போட்டோ எடுத்துக்கிட்டு நிற்காதீங்க. கீழே இருக்கிறவங்களை எழுப்புங்க, அதிகாரிகளுக்குப் போன் போடுங்க.

கவாயியில் அந்த ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேரை யாரும் எழுப்பவில்லை. தங்களுக்கு மேலே கலிங்கு இல்லாத ஒரு குளம் நிரம்பிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். கவனமா இருங்க.