உயிர்காத்த சிறு பெட்டி

நம் இதயத்தின் மேற்பகுதியில் மெல்லிய மின்துடிப்பு ஒன்று ஓயாமல் எழுகிறது. அது கீழ்அறைகளைச் சென்றடையும்போது இதயம் சீராகத் துடிக்கிறது. செல்லும் வழியில் அது தடைப்பட்டால் துடிப்பு மிகவும் குறைந்துவிடும். உயிருக்கே கேடு நேரலாம். அந்நிலையில் மின்துடிப்பை அளித்து இதயத்தை இயங்கச் செய்யும் கருவியே இதயமுடுக்கி. இதனைப் பேஸ்மேக்கர் என்றும் கூறுவர். மின்கலத்தால் இயங்கும், உடலில் அணியத்தக்க இதயமுடுக்கியை உருவாக்கியவர் ஏர்ல் பாக்கன் என்னும் அமெரிக்கப் பொறியாளர்.

பாக்கன் 1924ஆம் ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதில் அவர் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்னும் திரைப்படத்தைக் கண்டார். உயிரற்ற உடல் ஒன்று மின்சாரத்தால் உயிர்பெறும் கதை அது. மின்சாரத்திற்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய சிந்தனை அன்றே அவர் மனத்தில் வேரூன்றியது. பின்னர் அவர் மின்பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றார்.

1949ஆம் ஆண்டு, உறவினர் பால்மர் ஹெர்மண்ட்ஸ்லியுடன் இணைந்து, மினியாபொலிஸ் நகரில் மெட்ரானிக் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மகிழுந்து நிறுத்தும் கொட்டகையே அதன் முதல் இடம். மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுநீக்குவதே அதன் முதல் தொழில். முதல் மாத வருவாய் 8 டாலர் மட்டுமே. எனினும் பழுதுநீக்கும் பணி பாக்கனை அறுவை அரங்குகள் வரை அழைத்துச் சென்றது. மருத்துவர்களின் தேவைகளை அவர் அருகிலிருந்து கண்டறிந்தார்.

அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் வால்டன் லில்லஹை என்னும் மருத்துவர், இதயக் குறையுடன் பிறந்த குழந்தைகளுக்கு அறுவை செய்துவந்தார். அறுவைக்குப்பின் சில குழந்தைகளின் இதயத்துடிப்பு தடைப்பட்டது. அவர்களுக்கு இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. ஆனால் அக்காலக் கருவி பெரியது. சுவரிலுள்ள மின்இணைப்பைக்கொண்டே இயங்கியது. கம்பியின் நீளத்திற்கு அப்பால் குழந்தை நகர இயலாது. மின்சாரம் நின்றால் கருவியும் நிற்கும்.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அந்நகரில் பெரும் மின்தடை ஏற்பட்டது. அப்போது குழந்தை ஒன்று உயிரிழந்ததாகப் பாக்கன் பின்னாளில் கூறியுள்ளார். மின்தடையால் நிற்காத கருவி வேண்டும் என லில்லஹை அவரிடம் கேட்டார்.

பாக்கன் தீர்வை எளிய பொருள்களில் தேடினார். இசைப்பயிற்சிக்குத் தாளம் காட்டும் மின்கருவி ஒன்றின் சுற்றமைப்பை இதழொன்றில் கண்டது அவர் நினைவுக்கு வந்தது. சீராக ஒலிக்கும் தாளத்தைப் போன்றே இதயமும் சீராகத் துடிக்க வேண்டுமன்றோ? இரண்டு டிரான்சிஸ்டர்களும் சிறிய மின்கலமும் கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்றை நான்கு வாரங்களில் உருவாக்கினார். அது முதலில் ஒரு நாயிடம் சோதிக்கப்பட்டது. மறுநாள் மருத்துவமனைக்குச் சென்ற பாக்கன், அதே பெட்டி ஒரு குழந்தையின் இதயத்தை இயக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்தார். இருக்கும் நல்ல கருவியைப் பயன்படுத்தாமல் ஒரு குழந்தையை இழக்க லில்லஹை விரும்பவில்லை.

1960ஆம் ஆண்டு, வில்சன் கிரேட்பேட்ச், வில்லியம் சார்டக் ஆகியோர் உருவாக்கிய, உடலினுள்ளே பொருத்தும் இதயமுடுக்கியைத் தயாரிக்கும் உரிமையையும் மெட்ரானிக் பெற்றது. தொடக்க ஆண்டுகளில் கடும் பணநெருக்கடியைச் சந்தித்த அந்நிறுவனம், பின்னர் உலகின் மிகப்பெரிய மருத்துவக் கருவி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. கருவியால் நலம்பெற்றவர்களை ஆண்டுதோறும் வரவழைத்துப் பணியாளர்கள்முன் பேசச் செய்யும் வழக்கத்தைப் பாக்கன் ஏற்படுத்தினார். தாம் செய்யும் சிறு பகுதியும் ஓர் உயிரைக் காக்கிறது என்பதைப் பணியாளர்கள் உணர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

முதுமையில் பாக்கனுக்கும் இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. 2018ஆம் ஆண்டு, தமது 94ஆம் வயதில் அவர் மறைந்தார்.

சிந்தித்து விடை எழுதுக

1. பழைய இதயமுடுக்கியில் இருந்த குறைகள் யாவை?
2. தாளம் காட்டும் கருவி பாக்கனுக்கு எவ்வாறு வழிகாட்டியது?
3. பழுதுநீக்கும் பணி பாக்கனின் வெற்றிக்கு எவ்வாறு துணைநின்றது?