அமெரிக்க அதிபர்கள்: தீர்ப்பு வராத பட்டிமன்றம்

வாக்காளர்கள் ஒருவரைச் சொல்கிறார்கள், வரலாற்றாசிரியர்கள் வேறொருவரை. இரு தரப்பையும் திணற வைப்பவர் லிண்டன் ஜான்சன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அதிபர்களில் மிக மோசமானவர் யார்? 2014-ல் குவினிபியாக் பல்கலைக்கழகம் அமெரிக்க வாக்காளர்களிடம் இப்படிக் கேட்டபோது 33 சதவீதம் பேர் பராக் ஒபாமா என்றார்கள். பதவியை விட்டு ஓடிய நிக்சனுக்குக்கூட அதில் பாதி வாக்கு விழவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகம் சிறந்தவர் யார் என்று கேட்டது. 24 சதவீதம் பேர் கைகாட்டியது அதே ஒபாமாவை. 28 சதவீதம் பெற்ற ரொனால்ட் ரீகனுக்கு அடுத்த இடம். இடையில் வெள்ளை மாளிகைக்கு டொனால்ட் டிரம்ப் வந்திருந்தார். 'மோசமானவர்' பட்டமும் 41 சதவீதத்தோடு அவருக்குக் கைமாறியிருந்தது.

அமெரிக்கர்களுக்கு இது பழைய பொழுதுபோக்கு. 1948-ல் ஹார்வர்டு வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர், சக அறிஞர்கள் 55 பேரிடம் அதிபர்களைத் தரம் பிரிக்கச் சொல்லி முடிவை 'லைஃப்' பத்திரிகையில் வெளியிட்டார். ஆபிரகாம் லிங்கன் முதலிடம், ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டாமிடம், இறந்து மூன்றே ஆண்டுகளான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாமிடம். அதற்குப் பிறகு எத்தனையோ பட்டியல்கள் வந்துவிட்டன. இந்த மூவரின் முன்வரிசை அநேகமாகக் கலையவில்லை. சண்டையெல்லாம் ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு வந்தவர்கள் பற்றித்தான். அவரே பொருளாதார வீழ்ச்சியையும் உலகப் போரையும் தாண்டி நவீன அதிபர் பதவிக்கு அளவுகோலாகிவிட்டதால் அவரை யாரும் போட்டியில் சேர்ப்பதில்லை. ஜப்பானிய வம்சாவளியினர் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தவரும் அவர்தான் என்பது அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது.

நடுவர்கள் மீதும் புகார் உண்டு. பேராசிரியர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சி அனுதாபிகள், ஆகவே குடியரசுக் கட்சிக்காரர்களின் மதிப்பெண்ணை அமுக்கிவிடுகிறார்கள் என்பது வலதுசாரிகளின் குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமலும் இல்லை. 1996-ல் ஷ்லெசிங்கரின் மகன் தேர்ந்தெடுத்த குழு, ரீகனைச் 'சராசரி' என்று ஒதுக்கியது. 2000-ல் இரு தரப்பு அறிஞர்களையும் சரிசமமாக வைத்து 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' முன்னின்று எடுத்த கணிப்பில் அவருக்கு எட்டாம் இடம். மனிதர் அதேதான், நடுவர்கள்தான் மாறினார்கள்.

நடுவர்கள் மாறாவிட்டாலும் காலம் மாற்றிவிடுகிறது. ஹாரி ட்ரூமன் 1952-ல் கேலப் கணிப்பில் 22 சதவீத ஆதரவுக்குச் சரிந்தார். கொரியாவில் போர் இழுத்துக்கொண்டிருந்தது. போர் நாயகன் மெக்ஆர்தரைப் பதவி நீக்கிய கோபம் மக்களுக்கு ஆறவில்லை. மறு ஆண்டு அவர் ஊர் திரும்பியபோது வரலாறு அவரைத் தேடி வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வந்தது. ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டம், நேட்டோ, ராணுவத்தில் நிறபேதத்தை ஒழித்த 1948 உத்தரவு எல்லாம் பின்னாளில் வரவில் வைக்கப்பட்டன. சோவியத் யூனியன் 1991-ல் உடைந்ததும், பனிப்போருக்குக் கால்கோள் இட்டவர் என்ற பெருமையும் சேர்ந்தது. 2000-ல் சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாசிரியர்களைக் கொண்டு தயாரித்த பட்டியலில் அவருக்கு ஐந்தாவது இடம். கிளைமாக்ஸ் தெரிந்த பிறகு முதல் ரீலைப் பாராட்டுவது போலத்தான். ஹிரோஷிமாவும் நாகசாகியும் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன என்பதை ஜப்பானியர்களிடம் யாரும் கேட்பதில்லை.

ஐசன்ஹோவரின் ஏற்றம் இன்னும் வேடிக்கையானது. கால்ஃப் ஆடிக்கொண்டு காலம் தள்ளியவர் என்று 1962 பட்டியலில் கீழ்ப்பாதியில் கிடந்தார். அவருடைய ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகு, திரைமறைவில் எல்லாவற்றையும் நகர்த்தியவர் அவர்தான் என்பது தெரிந்தது. 2021 சி-ஸ்பான் பட்டியலில் ட்ரூமனையும் முந்தி ஐந்தாம் இடம். செய்ததற்காக மட்டும் அல்ல, செய்யாமல் விட்டதற்காகவும் மதிப்பெண் வாங்கியவர் அவர்: 1954-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை முற்றுகையில் சிக்கியபோது அமெரிக்கப் படையை அனுப்ப மறுத்தார். அதே ஐசன்ஹோவர் ஆட்சியில்தான் ஈரானிலும் குவாதமாலாவிலும் சி.ஐ.ஏ. அரசுகளைக் கவிழ்த்தது. கென்னடி கதை தனி. மூன்று ஆண்டுகள்கூட ஆளாதவர். மக்களிடம் எடுக்கும் கணிப்புகளில் இன்றும் கதாநாயகன். சுடப்பட்டு இறந்தவரின் வாக்குறுதிகளை யாரும் சரிபார்ப்பதில்லை.

அவற்றில் பலவற்றை நிறைவேற்றியவர் ஜான்சன். இந்தப் பட்டிமன்றம் முட்டி நிற்பதும் அவரிடம்தான்.

1965-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மாவில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் போலீஸ் தடியால் அடித்து நொறுக்கியது. மார்ச் 8 அன்று வியட்நாமின் டானாங் கடற்கரையில் அமெரிக்க மெரைன் படை இறங்கியது. இடையில் ஒரே ஓர் இரவு. மார்ச் 15-ல் ஜான்சன் நாடாளுமன்றத்தின் முன் நின்று, போராட்டக்காரர்களின் முழக்கத்தையே தன் வாயால் சொல்லி வாக்குரிமைச் சட்டம் கேட்டார். தென்மாநிலமான டெக்சாஸ்காரர் ஒருவர் இப்படிப் பேசுவார் என்று தென்மாநில உறுப்பினர்கள் எதிர்பார்க்கவில்லை. ஜூலை 28-ல் வியட்நாமில் படைபலத்தை 1,25,000 ஆக்குவதாக அறிவித்தார். இரண்டு நாள் கழித்து முதியோருக்கான 'மெடிகேர்' மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட மிசௌரி மாநிலத்துக்குப் பறந்தார். அந்த யோசனையை முன்வைத்துத் தோற்றவர் ட்ரூமன். முதல் அட்டை அந்த முதியவருக்கே. ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அந்தச் சட்டம் காகிதத்தில் நிற்கவில்லை. மிசிசிபி மாநிலத்தில் 1965-ல் கறுப்பின மக்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 1967-ல் அது 60 சதவீதத்தைத் தொட்டது. ரூஸ்வெல்ட், கென்னடி உட்பட எந்த நவீன அதிபரும் ஒரே கையெழுத்தில் இவ்வளவு பேரைக் குடிமக்களாக்கியதில்லை. மெடிகேர் இன்று 6 கோடிக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றுகிறது.

அதே கை வியட்நாமில் படையை ஐந்து லட்சத்துக்கு மேல் பெருக்கியது. கென்னடி இறந்தபோது அங்கே இருந்தவர்கள் 16,000 ஆலோசகர்கள். போர் முடிவதற்குள் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் லட்சக்கணக்கான வியட்நாமியர்களும் செத்தார்கள். ஏமாந்துபோய் இதில் விழுந்தவர் அல்ல ஜான்சன் என்பதுதான் கொடுமை. 1964 மே மாதத் தொலைபேசி உரையாடல்களின் ஒலிநாடாக்கள் 1990-களில் வெளியாயின. போரிடும் அளவுக்கு அந்த இடம் பெறாது, ஆனால் வெளியேறவும் வழி தெரியவில்லை என்று அவர் தன் ஆலோசகரிடம் புலம்புவது அவற்றில் பதிவாகியிருக்கிறது.

தெரிந்தும் ஏன் போனார்? சீனாவை கம்யூனிஸ்டுகளிடம் 'பறிகொடுத்தார்' என்று ட்ரூமனைக் குதறியவர்கள் வியட்நாமுக்காகத் தன்னையும் குதறுவார்கள், சமூகச் சட்டங்கள் எல்லாம் பாதியில் நின்றுவிடும் என்று பயந்தார் என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். இது சரியென்றால் விஷயம் சிக்கலாகிறது. மிசிசிபியில் கிடைத்த வாக்குரிமைக்கும் வியட்நாமில் விழுந்த குண்டுக்கும் ஒரே அரசியல் கணக்கு. சி-ஸ்பான் செய்வதுபோலப் பாடவாரியாக மதிப்பெண் போட்டு — சம நீதியில் முன்வரிசை, வெளிநாட்டு உறவில் கடைசிகளில் ஒருவர் — கூட்டி வகுத்து அவரைப் 11-வது இடத்தில் உட்கார வைப்பது கணக்கு வாத்தியாருக்குச் சரி. முதல் பாடத்தில் அவர் எழுதிய விடைக்கு இரண்டாவது பாடத்தில் வேறொரு நாட்டு மக்கள் விலை கொடுத்தார்கள் என்பதை அந்தக் கூட்டல் மறைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அவர் காப்பாற்ற நினைத்த வறுமை ஒழிப்புத் திட்டங்களின் பணத்தையும் கடைசியில் போரே விழுங்கியது.

இந்தியாவுக்கும் இந்த மனிதரிடம் இரட்டைக் கணக்குதான். 1965-லும் 1966-லும் மழை பொய்த்தபோது பி.எல்.480 கோதுமைதான் நாட்டைத் தாங்கியது. 1966-ல் அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு கப்பலுக்கும் ஜான்சனே அனுமதி தர வேண்டும். விவசாயத்தைச் சீர்திருத்த வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா கண்டித்தது இன்னோர் எரிச்சல். கப்பல் வந்தால்தான் சோறு என்ற அவமானம் டெல்லியைச் சுட்டது. 1965 நவம்பரில் உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் ரோம் நகரில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனுடன் உட்கார்ந்து புதிய விவசாயக் கொள்கைக்கு ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை வந்தது. பசுமைப் புரட்சிக்கு சுப்பிரமணியத்தின் துணிச்சல் காரணமா, ஜான்சனின் கெடுபிடி காரணமா என்ற வாக்குவாதம் இங்கே இன்னும் முடியவில்லை.

அதே 1965-ல், அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டமும் உண்டு. அதுவரை இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம்தான் ஒதுக்கீடு. இன்று அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினர் சுமார் 50 லட்சம். அங்கே மகனையோ மகளையோ வைத்திருக்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு ஜான்சன் பெயர் தெரியும்? கென்னடி படம் மாட்டிய வீடுகள் இந்தியாவில் இருந்தன. 1978-ல் வந்துபோன கார்ட்டரின் பெயரை ஹரியானாவில் ஒரு கிராமமே சூட்டிக்கொண்டது. 1971-ல் வங்காள விரிகுடாவுக்குப் போர்க்கப்பலை அனுப்பிய நிக்சனை, அவர் சீனாவுடன் உறவு கண்ட சாதனைக்காக இங்கே யாரும் மன்னிக்கவில்லை. ஜான்சனுக்கு நன்றியும் இல்லை, வெறுப்பும் இல்லை.

அவருடைய சாதனைகளுக்கும் ஆயுள் உத்தரவாதம் கிடையாது. வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிரிவு ஒன்றை 2013-ல் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. தேர்தல் விதிகளை மாற்றத் தென்மாநிலங்கள் வாஷிங்டனிடம் முன் அனுமதி வாங்கவேண்டிய கட்டாயம் அத்தோடு போயிற்று. சட்டம் கரையக் கரைய, அதைக் கொண்டுவந்தவரின் மதிப்பு கூடுமா குறையுமா என்பதைச் சொல்ல எந்தக் கணிப்பும் இன்னும் எடுக்கப்படவில்லை.

1964-ல் 61 சதவீத வாக்குகளோடு ஜெயித்த ஜான்சன், 1968 மார்ச் 31 அன்று இனிப் போட்டியிடப் போவதில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டு டெக்சாஸ் பண்ணைக்குத் திரும்பினார். 1973 ஜனவரி 22 அன்று அங்கே மாரடைப்பில் இறந்தார். ஐந்தாம் நாள், பாரிஸில் வியட்நாம் அமைதி உடன்பாடு கையெழுத்தானது.