குசினிக்கு ஓய்வுநாள் உண்டா?



கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் இல்லத்தில் எவ்வாறு கழிந்தது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் தந்தை பத்திரிகையை விரித்திருப்பார். பிள்ளைகளில் ஒருவர் ரியூசனுக்குச் சைக்கிளில் விரைந்திருப்பார். மற்றவர் கைத்தொலைபேசியோடு கட்டிலில் சாய்ந்திருப்பார். தாயோ கோவிலுக்கு உடுத்திச் சென்ற சேலையை மாற்றிய கையோடு குசினிக்குள் புகுந்திருப்பார். வார நாட்களில் ஒரு குழம்போடு முடிந்துவிடும் சமையல், ஞாயிறன்று இறைச்சிக் கறி, பொரியல், சொதி என நண்பகல் தாண்டியும் நீளும். ஆண்டவருடைய நாள் ஒருவருக்கு மட்டும் வாரத்திலேயே வேலை மிகுந்த நாளாகிவிடுகிறது.

ஓட்டத்தைக் குறையுங்கள், குடும்பமாகக் கூடியிருங்கள் என்று இக்காலத்தில் எல்லோரும் அறிவுரை கூறுகின்றனர். குருக்களாகிய நாமும் மறையுரைகளில் அதனையே கூறுகின்றோம். நல்ல அறிவுரைதான். ஆயினும், நால்வர் ஆறியிருப்பதற்காக ஒருவர் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாயின், அந்த இல்லம் ஓய்ந்திருக்கிறது எனக் கூறமுடியுமா?

ஓய்வுநாள் கட்டளை திருவிவிலியத்தில் இரண்டு இடங்களில் விரிவாகத் தரப்பட்டுள்ளது. விடுதலைப் பயண நூலின் 20 ஆம் அதிகாரம் படைப்பைக் காரணமாகக் காட்டுகிறது. ஆறு நாட்கள் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். ஆகவே மனிதனும் ஓய்ந்திருக்க வேண்டும். இணைச்சட்ட நூலின் 5 ஆம் அதிகாரமோ எகிப்தை நினைவூட்டுகிறது. அடிமைக்குத் தன் நேரம் என்று ஒன்று கிடையாது. பிறர் நிறுத்தச் சொல்லும்வரை அவன் கை ஓயாது. அந்த வாழ்வை அறிந்தவர்கள், தம் வீட்டில் வேறொருவரை அந்நிலையில் வைத்திருக்கலாகாது என்பதே அங்கு கூறப்படும் நியாயம். ஆகவேதான் மகன், மகள், பணியாளர், பணிப்பெண், மாடு, கழுதை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியர் என ஓய்வுக்கு உரியோரின் பட்டியல் நீள்கிறது.

அப்பட்டியலில் மனைவி இல்லை. குருமடத்தில் இப்பகுதியைக் கற்றபோது இதனைக் கவனித்து வியந்ததுண்டு. மாட்டையும் கழுதையையும் மறவாத கட்டளை இல்லத்தரசியை மறந்ததா? கட்டளை ‘நீ’ என்று விளிக்கும்போது கணவனையும் மனைவியையும் சேர்த்தே விளிக்கிறது என விவிலிய அறிஞர் விளக்கம் தருவர். ஏற்புடைய விளக்கம்தான். நம் இல்லங்களிலோ அவருடைய பெயர் விடுபட்டதையே விதிவிலக்காகக் கொண்டு நடக்கிறோம். கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்கள் பலவற்றில் ஞாயிறன்று எவரும் தொழிலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் மணலில் ஏற்றப்பட்டிருக்கும், வலைகள் காய்ந்து கிடக்கும், இயந்திரங்களும் உறங்கும். அக்கிராமங்களிலும் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டேயிருக்கும்.

குசினி வேலையை நிறுத்திவைப்பது நடவாத காரியம் என்று சிலர் கூறக்கூடும். அது தானாகவே நின்ற காலமொன்றை வடபகுதி மக்கள் அறிவர். 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை எட்டாது. ஜாம் போத்தலுக்குள் சிறு திரி எரியும் விளக்கே அன்று பல வீடுகளின் வெளிச்சம். எண்ணெயை மிச்சப்படுத்த வேண்டுமென்பதால் பொழுது சாயுமுன் இராச் சாப்பாடு சமைத்து முடிந்துவிடும். மாலை மூவேளைச் செப மணி ஒலிக்க, ஒரே விளக்கைச் சுற்றி எல்லோரும் அமர்வோம். செபமாலை முடிந்தபின் விளக்கின் கிட்டிய இடம் சோதனைக்குப் படிப்பவருக்கு. மற்றவர்கள் அந்த ஒளியின் விளிம்பில் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருப்போம். அவ்வேளையில் தாய்மாரும் எங்கள் நடுவில் இருந்தார்கள். இருட்டில் பாத்திரம் தேய்க்க முடியாதன்றோ!

அக்காலம் மீண்டும் வரவேண்டுமென எவரும் செபிக்கமாட்டார். அதே இருளில்தான் பதுங்குகுழிக்கும் ஓடினோம். அவ்வொளியில் அமர்ந்திருந்தோர் பலர் இன்று நம்மோடு இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு ஏற்பட்டபோது, குடும்பங்கள் திண்ணையில் கூடியிருந்ததைச் சிலர் மகிழ்ச்சியோடு கூறினர். எரிவாயுவுக்கு வரிசையில் நின்று, பின்னர் விறகடுப்பை ஊதிய பெண்களிடம் அந்த மகிழ்ச்சியை நான் அதிகம் காணவில்லை. பற்றாக்குறை தரும் ஓய்வை நம்பியிருக்க முடியாது. அன்று எண்ணெய் இன்மை செய்ததை இன்று நாம் மனமறிந்து செய்ய வேண்டியிருக்கிறது.

பெத்தானியா வீட்டுக் காட்சியை லூக்கா நற்செய்தியின் 10 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மார்த்தாவைக் குறைகூறி எத்தனை மறையுரைகளைக் கேட்டிருப்பீர்கள்! அவற்றைக் கேட்டபின் வீட்டுக்குப் போய்ச் சமைப்பவர்களும் மார்த்தாக்களே. தன்னைத் தனியே வேலைசெய்ய விட்டுவிட்டாள் என்பதே தங்கையைப் பற்றி அவர் கூறிய முறைப்பாடு. பணியின் சுமையோடு அந்தத் தனிமையும் அவரை வருத்தியது. லாசரைப் பற்றி லூக்கா எதுவும் கூறவில்லை. நம் வீடாயிருந்தால் அவர் தொலைக்காட்சியின் முன் இருந்திருப்பார்! 2021 இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 29 ஆம் நாளை மார்த்தா, மரியா, லாசர் மூவருக்கும் உரிய நினைவு நாளாக்கினார். அதுவரை பொது நாட்காட்டியில் அது மார்த்தாவின் நாளாக மட்டுமே இருந்தது. ஒரு வீட்டார் மூவரும் ஒரே நாளில் நினைக்கப்படுவது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நான் அறிந்த மீனவக் குடும்பமொன்றில் ஞாயிறு மதியச் சமையலைத் தந்தையும் பிள்ளைகளும் பொறுப்பேற்றுள்ளனர். சோறு, மீன் குழம்பு, பருப்பு, சம்பல், அதற்குமேல் எதுவுமில்லை. மகன் தேங்காய் துருவுகிறான். முதல் ஞாயிறன்று அந்தத் தாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லையாம். கூட்டிய முற்றத்தையே மீண்டும் கூட்டியிருக்கிறார். இரண்டு தடவை குசினி வாசலுக்குச் சென்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறன்று வேப்பமரத்தின் கீழ் கதிரையொன்றைப் போட்டு அமர்ந்தபோது, பத்தாம் ஆண்டில் படிக்கும் மகள் அருகில் வந்து இருந்து, பல மாதங்களாகச் சொல்லாதிருந்த பாடசாலைக் கதைகளையெல்லாம் சொல்லத் தொடங்கினாளாம். பருப்புக்கு மட்டும் இன்னமும் உப்புக் கூடிவிடுகிறதாம்.