ஐ.டி.ஐ.களுக்கு ரூ. 60 ஆயிரம் கோடி: கற்றுத்தர ஆள் இருக்கிறதா?

ஹைதராபாத்: ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மைக்ரான். சில மைக்ரான் பிசகினாலே கழித்துக்கட்டப்படும் உதிரிபாகங்கள் உண்டு. அந்தத் துல்லியத்தை இளைஞர்களுக்குப் பழக்கும் பணியை ஹைதராபாத் பாலாநகரில் உள்ள மத்திய கருவி வடிவமைப்பு நிலையம் 1968 முதல் செய்து வருகிறது.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் உதவியுடன் மத்திய அரசு தொடங்கிய நிலையம் இது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு நான்காண்டு டிப்ளமோ படிப்பு உண்டு. தொழிற்சாலைகளுக்குத் தேவையான கருவிகளும் அச்சுகளும் இங்கேயே தயாரிக்கப்படுகின்றன. பாடமும் உற்பத்தியும் ஒரே கூரையின் கீழ் நடப்பதே இதன் பலம்.

ஆள் தேவைக்குக் குறைவில்லை. பாரத் டைனமிக்ஸ், மிதானி போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இந்நகரில் உள்ளன. அப்பாச்சி ஹெலிகாப்டரின் உடற்பகுதியைத் தயாரிக்கும் டாடா-போயிங் ஆலை 2018-ல் இங்கு திறக்கப்பட்டது.

ஆனால், பெரும்பாலான ஏழை மாணவர்களுக்கு எட்டும் வாசல் ஐ.டி.ஐ.தான். 1,000 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்தும் ரூ. 60 ஆயிரம் கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் அளித்தது. இதில் மத்திய அரசின் பங்கு ரூ. 30 ஆயிரம் கோடி, மாநிலங்களுடையது ரூ. 20 ஆயிரம் கோடி, எஞ்சியது தொழில்துறையுடையது.

மாநிலங்கள் முன்பே களமிறங்கிவிட்டன. தமிழகம் 71 ஐ.டி.ஐ.களை ரூ. 2,877 கோடியிலும், தெலங்கானா 65 ஐ.டி.ஐ.களை ரூ. 2,324 கோடியிலும் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து நவீனப்படுத்த முன்வந்தன.

இயந்திரங்களைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். கற்றுத்தருபவரை அப்படி வாங்க முடியாது. சி.என்.சி. இயந்திரத்தில் பொத்தானை அழுத்துவது மட்டும் தொழிலாகாது. வரைபடத்தைப் படிக்கவும், உலோகத்துக்கேற்ற வெட்டுக் கருவியையும் வேகத்தையும் தேர்வு செய்யவும், வெட்டியதை அளந்து பிழை கண்டறியவும் தெரிய வேண்டும். பழைய லேத்தில் மட்டுமே பழகிய பயிற்றுநரால் இதைக் கற்றுத்தர இயலாது.

இதை மத்திய அரசும் உணர்ந்துள்ளது. சென்னை, ஹைதராபாத் உள்பட ஐந்து தேசிய திறன் பயிற்சி நிலையங்களை மேம்படுத்தி, 50 ஆயிரம் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் இத்திட்டத்தின் ஓர் அங்கம். எனினும், அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்றுநர்களை நியமிக்க வேண்டியவை மாநில அரசுகளே.

எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்பதல்ல, எத்தனை பயிற்றுநர் பணியிடங்கள் நிரம்பின, ஒரு மாணவருக்கு இயந்திரத்தின் முன் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதே நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி.