தூரத்துச் சந்தையில் சேரலாமா?

மீமிசல் பக்கம் ஒரு வீட்டில் இறால் குட்டையும் கறவை மாடும் இருப்பதாக வச்சுக்குங்க. ஆர்.சி.இ.பி. என்ற வர்த்தகக் கூட்டில் இந்தியா சேர்ந்தால் அந்த வீட்டுக்கு லாபமா, நஷ்டமா?

தென்கிழக்கு ஆசிய நாடுகள் 10, அதோடு சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 15 நாடுகள் 2020-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது. தங்களுக்குள் இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைப்பார்கள். பேச்சில் கலந்துகொண்ட இந்தியா 2019 நவம்பரில் விலகிவிட்டது.

முதலில் இறால். நமக்குப் போட்டியான வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் கூட்டுக்குள்ளே. நாமும் சேர்ந்தால் சீனச் சந்தையில் அவர்களோடு சரிசமமாக நிற்க வழி பிறக்கும்.

பாலுக்குக் கணக்கே வேற. பால் பவுடர் ஏற்றுமதியில் நியூசிலாந்து பெரிய கை. வரி குறைந்து அது மலிவாக வந்து குவிந்தால், சொசைட்டியில் ஊற்றும் பாலுக்கு விலை இறங்கும்.

வெண்புள்ளி நோய் வந்தால் குட்டை ஒரே வாரத்தில் காலி. அப்போது அடுப்பெரிய வைப்பது பால் காசுதானே! ஆகவே, 'சேரலாம்' என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்க: எந்தப் பொருளுக்கு வரி குறையும், எத்தனை வருஷத்தில், பாலை விலக்கி வைப்பார்களா? பதில் தெரிந்த பிறகு தலையாட்டலாம்.