பாடம் நடத்தப்போவது யார்? சேரும் முன்பே கேட்கலாம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் கோத்தகிரி, பந்தலூர் எஸ்டேட் லைன் வீடுகளில் வேறு பேச்சே கிடையாது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியா, கூடலூரா, மலையிறங்கிக் கோயம்புத்தூரா? கட்டணம், பஸ், ஹாஸ்டல் எல்லாம் விசாரித்தாகிவிடும். வகுப்பில் வந்து நிற்கப்போவது யார் என்பதை மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்டாலும் பக்கத்து வீட்டு அக்காதான் பதில் சொல்வார்: "அந்த சார் நல்லா நடத்துவார், அந்த மேடம் இன்டர்னல்ல கை வெச்சிடுவாங்க."

சீனியர் சொல்வதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நாலு பேரிடம் கேட்டால் ஓரளவு நிலவரம் பிடிபடும். ஆனால் ஏட்டில் இருக்கும் ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. அண்ணா பல்கலைக்கழக இணைப்பு பெற்ற 224 பொறியியல் கல்லூரிகளில், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டதாக அது குற்றஞ்சாட்டியது. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. அந்தக் கல்லூரிகள் காட்டிய ஆசிரியர் பட்டியல்களை நம்பிச் சேர்ந்தவர்களுக்கு அதற்குள் வகுப்பு தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இங்கே கைகொடுக்கும். சேர்க்கை தொடங்க 60 நாட்களுக்கு முன்பே கல்லூரி தன் தகவல் கையேட்டை வெளியிட வேண்டும். ஆசிரியர்களின் கல்வித்தகுதி, அனுபவம், அவர்கள் நிரந்தரமா வருகைதரு ஆசிரியரா என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். கையேட்டில் பொய்த் தகவல் இருந்தால் அதுவே புகாருக்குரிய குறை. கல்லூரியில் சேர்ந்தவர் மட்டுமல்ல, சேர விண்ணப்பித்தவரும் புகார் தரலாம்.

புகாரை முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் தர வேண்டும். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பாரதியார் பல்கலைக்கழகத்தில் இணைந்த நீலகிரிக் கல்லூரிகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரே பொறுப்பு.

அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உண்டு. 10 ரூபாய் கட்டணத்தில் மூன்று கேள்விகள் போதும்: துறையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியாக இருப்பவை எத்தனை, கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? பதில் வர 30 நாள் ஆகலாம் என்பதால், மே மாதத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே மனுவை அனுப்பிவிடுவது நல்லது. கௌரவ விரிவுரையாளர் என்றாலே குறைவாக நினைக்க வேண்டாம். நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்றவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆண்டு நடுவே ஆள் மாறுகிறாரா, இடம் காலியாகவே கிடக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியரின் சாதியையோ சொந்த வாழ்க்கையையோ இழுத்து எழுதுவது விமர்சனம் ஆகாது. அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடலாம். பாடம் நடத்தும் விதத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டணம் கட்டும் முன், கையேட்டில் ஆசிரியர் விவரம் உள்ள பக்கத்தைத் தேதி தெரியும்படி போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் தர நேர்ந்தால் அந்தப் படத்தையும் மனுவோடு இணையுங்கள்.