ஆன்லைன் ரம்மிக்குப் பூட்டு: சாவி சென்னையிடமா, டெல்லியிடமா?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் மசோதா, 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவையில் நிறைவேறியது. 21-ல் மாநிலங்களவை. 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். மூன்றே நாளில் முடிந்த இந்த வேலைக்காகத்தான் தமிழக அரசு 2020-லிருந்து அவசரச் சட்டம், சட்டம், நீதிமன்றம், மறுபடியும் அவசரச் சட்டம் என்று அலைந்துகொண்டிருந்தது.

டெல்லியால் சட்டுனு செய்ய முடிந்ததை சென்னையால் ஏன் செய்ய முடியவில்லை? 'அதான் தடை வந்துடுச்சே, யார் போட்டா என்ன?' என்று விட்டுவிடலாமா? விட முடியாது. போலீஸ் யாரைப் பிடிக்கலாம், ஆடியவருக்குத் தண்டனை உண்டா என்பதெல்லாம் அந்த 'யார்' என்ற கேள்வியில்தான் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

எந்த விஷயத்தில் யார் சட்டம் போடலாம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை பிரித்துக் கொடுக்கிறது. அதில் மாநிலப் பட்டியலின் 34-வது இனம், 'பந்தயமும் சூதாட்டமும்'. சட்டம் ஒழுங்கு, பொது சுகாதாரம் ஆகியவையும் மாநிலங்களின் கையில்தான்.

ஆனால், தபால், தொலைபேசி, ஒலிபரப்பு உள்ளிட்ட தகவல் தொடர்பு முழுவதும் மத்தியப் பட்டியலின் 31-வது இனத்தில் வருகிறது. இணையமும் அதில் அடக்கம்.

சீட்டுக்கட்டு மேஜை மேல் இருந்தவரை குழப்பமே இல்லை. 1930-ம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் போதுமானதாக இருந்தது. அதே சீட்டுக்கட்டு செல்போனுக்குள் போனதும் சிக்கல் ஆரம்பித்தது. செல்போனில் ஆடும் ரம்மி சூதாட்டமா, தகவல் தொடர்பா? முதலில் அது சூதாட்டம்தானா?

தமிழகத்தின் முதல் தடை ஏன் நிற்கவில்லை?

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் அடுத்தடுத்து செய்திகளில் வந்த நிலையில், 2020 நவம்பரில் அன்றைய அதிமுக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது 2021-ல் சட்டமானது. பணம் வைத்து ஆடினால் ரம்மி, போக்கர் என்று எதுவாக இருந்தாலும் தடை.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், ஒரு பழைய கோடு. அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவது சூதாட்டம். திறமைக்கு முக்கிய இடம் இருந்தால் அது சூதாட்டம் அல்ல. 1957 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லிவருவது இதுதான். ரம்மி பெருமளவு திறமை சார்ந்தது என்று 1968-லும், குதிரைப் பந்தயமும் அப்படியே என்று 1996-ல் தமிழ்நாட்டு வழக்கிலும் அது தீர்ப்பளித்திருக்கிறது.

மாநிலத்துக்கு இருப்பது சூதாட்டத்தைத் தடுக்கும் அதிகாரம். ரம்மி சூதாட்டமே இல்லை என்றால் அந்த அதிகாரம் அங்கே செல்லாது. கர்நாடகாவின் தடைச் சட்டமும் 2022 பிப்ரவரியில் ஏறக்குறைய இதே வழியில்தான் விழுந்தது.

இரண்டாவது முயற்சியில் என்ன நடந்தது?

திமுக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் புதிய மசோதாவை நிறைவேற்றியது. பேரவைக்கு இந்தச் சட்டம் இயற்ற அதிகாரமில்லை என்று கூறி ஆளுநர் ஆர்.என்.ரவி 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

மறுபடியும் வழக்கு. 2023 நவம்பரில் வந்த தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதி வெற்றி. சட்டம் செல்லும், அதிர்ஷ்ட விளையாட்டுகளைத் தடுக்கலாம். ஆனால் ரம்மியையும் போக்கரையும் அந்தப் பட்டியலில் வைக்க முடியாது என்றது நீதிமன்றம். தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது.

தடுக்க முடியாவிட்டால் கடிவாளம் போடலாமே? 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிகளை அறிவித்தது. 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட முடியாது. நிறுவனங்கள் எதிர்த்தும், பொது சுகாதாரத்தைக் காக்க மாநிலம் இப்படி விதி போடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் ஏற்றுக்கொண்டது.

மாநிலத்தின் கை எங்கே எட்டாது?

சட்டம் போட்டாலும் ஒரு இடத்தில் மாநிலம் நின்றுவிடும். இணையதளத்தையோ செயலியையோ நாட்டுக்குள் முடக்கும் உத்தரவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி மத்திய அரசிடம்தான் இருக்கிறது. வெளிநாட்டில் சர்வர் வைத்து நடத்துபவர்களைத் தமிழக போலீஸ் போய்ப் பிடித்துவர முடியாது.

இன்னொரு பக்கம், ஒரு மாநிலம் தடுப்பதை இன்னொன்று அனுமதிக்கலாம். சிக்கிம் 2008-லேயே ஆன்லைன் விளையாட்டுகளுக்கு உரிமம் தரும் சட்டம் இயற்றியது. பின்னர் நாகாலாந்தும் திறன் விளையாட்டுகளுக்கு உரிமம் கொடுத்தது.

மத்திய சட்டம் என்ன மாற்றியது?

திறமையா, அதிர்ஷ்டமா என்ற கோட்டையே அழித்துவிட்டது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்பில் ஆன்லைனில் ஆடும் எதுவாக இருந்தாலும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் ரூபாய் வரை. பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கியும் தப்ப முடியாது. பணமில்லாமல் ஆடும் விளையாட்டுகளுக்கும் இ-ஸ்போர்ட்ஸுக்கும் தடை இல்லை.

சட்டம் வந்த சில நாட்களிலேயே ட்ரீம்11 போன்ற பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்தின. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தும் ட்ரீம்11 பெயர் மறைந்தது.

சரி, யார் போட்டால் என்ன?

முதல் வித்தியாசம் ஆடுபவருக்கு. தமிழகச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்திய சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனையே இல்லை. ஒரு சட்டம் அவரைக் குற்றவாளியாகப் பார்க்கிறது, இன்னொன்று பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது.

இரண்டாவது வித்தியாசம் அதிகாரத்தில். மத்திய சட்டம் அப்படியே நிலைத்தால், இணையத்தில் நடக்கும் எதையும் 'தகவல் தொடர்பு' என்று சொல்லி மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வரும். மதுவும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் எடுத்தால் அதுவும் டெல்லியின் விஷயமாகிவிடுமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ரம்மி சூதாட்டம் அல்ல, அதனால் மாநிலத்துக்கு அதிகாரமில்லை' என்பது சென்னையில் நிறுவனங்கள் வைத்த வாதம். 'பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, அதனால் நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை' என்பது மத்திய சட்டத்தை எதிர்ப்பவர்கள் எழுப்பும் வாதங்களில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், யாருமே தடுக்க முடியாத ஒரு சந்து கிடைத்துவிடும்!

லாட்டரி சொல்லும் பாடம்

இந்த இழுபறிக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அரசுகள் நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலில் உள்ளது. நாடாளுமன்றம் 1998-ல் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து, வெளிமாநில லாட்டரியை விற்கத் தடை போடும் உரிமையை மாநிலங்களுக்கே கொடுத்தது. அதனால்தான் 2003-ல் தமிழகம் லாட்டரியை ஒழிக்க முடிந்தது. பக்கத்து கேரளாவில் அரசே லாட்டரி நடத்த முடிகிறது.

பொதுவான சட்டம் டெல்லியில், வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு மாநிலத்தில். 2025 சட்டம் அந்த வழியில் போகவில்லை. லாட்டரிச் சீட்டைச் செக்போஸ்ட்டில் பிடிக்கலாம், செயலியைப் பிடிக்க முடியாது என்பது மத்திய அரசுக்குச் சாதகமான நியாயம். ஆனால், செயலியை முடக்க மத்திய அரசு, ஆதார் சரிபார்ப்பு, நேரக் கட்டுப்பாடு, கள நடவடிக்கைக்கு மாநில அரசு என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாததால், தமிழகம் போராடிப் பெற்ற 2025 பிப்ரவரி விதிகளுக்கே வேலை இல்லாமல் போகும்.

முடிவு யார் கையில்?

மத்திய சட்டத்தை எதிர்த்துக் கர்நாடகா, டெல்லி, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது. சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தால் ரம்மி மேஜை நாடு முழுக்க மூடப்படும், ஆனால் மாநிலங்களின் சாவி பறிபோகும். செல்லாது என்றால் சாவி திரும்ப வரும். கூடவே திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கும் திரும்ப வரும்.

தீர்ப்பு எப்படி வந்தாலும் வெளிநாட்டுச் செயலிகள் காத்திருக்கப் போவதில்லை. அவற்றில் பணம் மாட்டினால் கேட்க ஆளில்லை. மோசடியில் பணத்தை இழந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். கடன் நெருக்கி, மனம் உடைந்து நிற்பவர்களுக்கு 104 இருக்கிறது. இந்த இரண்டையும் அழைக்க எந்தப் பட்டியலையும் பார்க்கத் தேவையில்லை.